ஊன்றும் பருவம்

ஹைதராபாத் என்றால் நமக்குச் சார்மினார்தான். சிந்து நதியோரம் இன்னொரு ஹைதராபாத் உண்டு; இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஊரின் புகைப்படங்களில், மொட்டைமாடிதோறும் முறத்தைச் சாய்த்து நிறுத்தியதுபோல ஒரு காற்றுவாங்கி தெரியும். எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும். கோடையில் தென்மேற்கிலிருந்து வரும் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும் ஏற்பாடு. நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் வெயிலில், மின்விசிறி இல்லாத காலத்தில், காற்றை இப்படிக் கையேந்தி வாங்கி வாழ்ந்த ஊர் அது.

அந்தச் சிந்து மண்ணில் ஓர் இந்துக் குடும்பம். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு ஒரே மாதிரி உடல்வாகு. மேல்தாடை கீழ்த்தாடை இரண்டையும் சேர்த்து, முன்னால் வலுவில்லாத நான்கு சின்ன வெட்டுப்பற்கள், பின்னால் எட்டுக் கடைவாய்ப் பற்கள். அவ்வளவுதான். உடம்பில் ரோமம் மிகக் குறைவு. இளம் வயதிலேயே வழுக்கை. வெயில் காலம் வந்தால் தோல் வறண்டு பெரும் அவதி. வெட்டர்பர்ன் என்பவர் வழியாக இந்தச் செய்தி சார்லஸ் டார்வினை எட்டியது. வளர்ப்பு விலங்குகளும் பயிர்களும் மாறுபடுவது பற்றி அவர் எழுதிய பெருநூலின் இரண்டாம் பதிப்பு 1875-ல் வந்தது. அதில் இந்தக் குடும்பத்துக்கு ஓர் இடம் இருக்கிறது.

டார்வின் இரண்டு விஷயங்களைக் கூர்ந்து கவனித்திருந்தார். குடும்பத்துப் பெண்பிள்ளைகள் ஒருவருக்கும் இந்தக் குறை இல்லை. ஆனால் அவர்கள் பெற்ற ஆண்பிள்ளைகளுக்கு வருகிறது. குறையுள்ள ஆண் தன் மகனுக்கு அதைக் கொடுத்ததாக ஒரு சம்பவம்கூட இல்லை. தாத்தாவிடமிருந்து மகளைத் தாண்டிப் பேரனிடம் போய் நிற்கிறது. ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. மெண்டலின் பட்டாணிச் செடிக் கட்டுரை அச்சாகி ஒன்பது வருடம் ஆகியும் யாரும் பொருட்படுத்தாமல் கிடந்த நேரம் அது. பிறகு 1921-ல் தடானி என்ற ஆய்வாளர் ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த ‘சிந்துவின் பல்லில்லா மனிதர்கள்’ பற்றி அமெரிக்க மரபியல் இதழொன்றில் எழுதினார். அப்போதும் அந்த ஆண்கள் வெயிலில் அதே அவதியைத்தான் பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த நோய்க்கு இன்று எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்று பெயர். இது ஒரே நோய் அல்ல, ஒரு பெரிய குடும்பம். நூறுக்குப் பக்கமாக வகைகள் உண்டு. கனடாவின் பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்களில் 1929-ல் கிளவ்ஸ்டன் விவரித்த வகையில் வியர்வைக்கு ஒரு குறையும் இல்லை. நகமும் முடியும்தான் கெடும். சிந்துவில் கண்டது வேறு வகை: வியர்வை குன்றிய எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா. இந்த நோய்க் குடும்பத்திலேயே அதிகம் காணப்படுவதும், உயிருக்கே உலை வைக்கக்கூடியதும் இதுதான். இனி நான் பேசப்போவது இதைப் பற்றி மட்டுமே.

முதலில் எழவேண்டிய கேள்வி ஒன்று. பல் எங்கே, வியர்வை எங்கே? ஒன்று கல்லைப் போல இருப்பது. இன்னொன்று தண்ணீரைச் சுரப்பது. முடி மூன்றாவது. மூன்றுக்கும் வேலையில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏன் மூன்றும் சேர்ந்தே கெடுகின்றன?

டார்வினை இது ஏற்கெனவே உறுத்தியிருந்தது. ரோமமே இல்லாத நாய் இனங்களுக்குப் பற்களும் குறைபட்டிருப்பதை அவர் 1859-லேயே எழுதியிருக்கிறார். ஒன்று மாறினால் கூடவே இன்னொன்றும் மாறுகிறது, இவற்றுக்கு அடியில் ஏதோ கயிறு கட்டியிருக்கிறது என்பது அவருடைய ஊகம். அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பார்க்க வேண்டுமானால் கருப்பைக்குள் போகவேண்டும்.

மூன்றாவது வாரத்தில் கரு மூன்று அடுக்காகப் பிரிகிறது. உள்ளடுக்கிலிருந்து குடலும் ஈரலும் வருகின்றன. நடு அடுக்கிலிருந்து எலும்பு, தசை, ரத்தம். வெளி அடுக்கின் பெயர்தான் எக்டோடெர்ம், புறப்படை. மூளையும் நரம்பும் அதிலிருந்து வருகின்றன என்பது தனிக் கதை. எஞ்சிய புறப்படை கருவின் மேல் ஒரு மெல்லிய போர்வையாகப் படர்கிறது. அந்த நிலையில் அதற்கு முடியும் இல்லை, துளையும் இல்லை. வழவழவென்று ஒரே சீராக இருக்கும் அந்தப் பரப்பிலிருந்துதான் முடி, நகம், பல்லின் எனாமல், வியர்வைச் சுரப்பி, கண்ணிமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பி, தாயின் பால் சுரப்பி என அத்தனையும் வரவேண்டும்.

எல்லாமே ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. போர்வையில் ஓரிடம் லேசாகத் தடிக்கிறது. தடித்த இடத்துச் செல்கள் கீழே அமுங்கிக் குழியாகின்றன. குழிக்கு அடியில் இருக்கும் திசு அதைப் பார்த்துத் தானும் கூடுகிறது. இரண்டும் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. தலையில் விழுந்த குழி முடியாகிறது. ஈறில் விழுந்தது பல்லாகிறது. உள்ளங்கையில் விழுந்தது சுருண்டு சுருண்டு இறங்கி வியர்வைச் சுரப்பியாகிறது. தோட்டத்தில் விதை ஊன்றுகிறவர் கட்டைவிரலால் குழி போட்டுக்கொண்டே போவதை நினைத்துக்கொள்ளலாம். அவரை விதைக்கும் அதே குழிதான், பாகல் விதைக்கும் அதே குழிதான். எது முளைக்கும் என்பது குழியைப் பொறுத்ததல்ல. ஆனால் குழி விழாவிட்டால் எதுவும் முளைக்காது.

“இங்கே குழி போடு” என்று சொல்லும் புரதத்தின் பெயர் எக்டோடிஸ்பிளாசின். நோயின் பெயரையே புரதத்துக்கும் வைத்துவிட்டார்கள். நல்ல வேலை செய்யும் ஒன்றுக்கு அது இல்லாதபோது வரும் கேட்டின் பெயரைச் சூட்டுவது மரபியலில் வழக்கம். எனக்கு அது என்றுமே மனதுக்கு ஒப்பியதில்லை. இந்தப் புரதம் ஒரு செல்லிலிருந்து வெட்டுப்பட்டு வெளியே வந்து, பக்கத்துச் செல்லின் மேலிருக்கும் எடார் என்ற ஏற்பியைப் போய்த் தொடுகிறது. மூன்று மூன்றாகச் சேர்ந்துதான் தொடும். தொட்டதும் அந்தச் செல்லுக்குள் மரபணுக்கள் விழிக்கின்றன. இதே மரபணு இன்னொரு புரதத்தையும் செய்கிறது. முதலாவதில் 391 அமினோ அமிலங்கள், இரண்டாவதில் 389. அந்த இரண்டே இரண்டு மணிகள் குறைவதால் அது எடாரைத் தொடுவதில்லை. வேறொரு ஏற்பியிடம் போய்விடுகிறது. ஏறத்தாழ நானூறு மணி கோத்த மாலையில் இரண்டு மணியை எடுத்தால் முகவரியே மாறிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. குழிகள் ஏன் ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை? இரண்டு முடிக்கு நடுவே எப்படி இடைவெளி வருகிறது? எடார் தூண்டப்பட்ட இடம் தன்னைத்தானே மேலும் தூண்டிக்கொள்கிறது. அதே நேரத்தில் அக்கம்பக்கத்தை “நீ வேண்டாம்” என்று தடுக்கும் புரதங்களையும் கசியவிடுகிறது. தூண்டலுக்கும் தடுப்புக்கும் இடையிலான இந்த இழுபறியிலிருந்து புள்ளிகளும் கோடுகளும் தாமாகவே பிறக்கும் என்று 1952-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆலன் டூரிங். கணினியியலின் முன்னோடி என்று நாம் அறிந்த அதே டூரிங்தான். எலியின் தோலில் எடார் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 2006-ல் காட்டினார்கள். யாரும் கயிறு பிடித்து அளந்து வைக்காமலே நம் புறங்கையில் ரோமங்கள் ஒழுங்காக நிற்பது இதனால்தான்.

இந்தச் செய்தி மனிதருக்கென்று உண்டானது அல்ல என்பதுதான் என்னை அதிகம் பிரமிக்க வைப்பது. கடலில் வாழும் ஸ்டிக்கில்பேக் என்ற சின்ன மீனின் விலாவில் எலும்புத் தகடுகள் கவசம்போல வரிசையாக இருக்கும். பனியுகம் முடிந்து நன்னீர் ஏரிகளுக்குள் வந்து தங்கிவிட்ட கூட்டங்கள் அந்தக் கவசத்தைக் களைந்துவிட்டன. உலகின் வெவ்வேறு ஏரிகளில் அது மறுபடி மறுபடி நடந்திருக்கிறது. 2005-ல் காரணத்தைத் தேடிப் போனவர்கள் வந்து நின்றது இதே எக்டோடிஸ்பிளாசின் மரபணுவின் வாசலில். செதிலே இல்லாமல் பிறந்த தாடிப் பல்லிகளை 2016-ல் ஆராய்ந்தபோதும் கெட்டிருந்தது இதே மரபணு. ஊர்வனவற்றின் செதில், பறவையின் இறகு, நம் முடி மூன்றும் ஒரே குழியின் பேரப்பிள்ளைகள் என்று அந்த ஆய்வு காட்டியது. டார்வின் எழுதிய ரோமமற்ற நாய்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ, பெரு நாட்டு நாய்களில் ஃபாக்ஸ்-ஐ3 என்ற மரபணு பழுதாகியிருப்பது 2008-ல் தெரிந்தது. அது எக்டோடிஸ்பிளாசினின் சொல் கேட்டு நடக்கும் மரபணு. கயிறு ஒன்று இருக்கிறது என்று அதற்கு 149 வருடத்துக்கு முன் ஊகித்த மனிதர் தவறவில்லை.

செய்தி சற்று உரக்க ஒலித்தால் என்ன ஆகும்? அதற்கும் பதில் இருக்கிறது, அதுவும் கோடிக்கணக்கான மனிதர்களின் உடம்பில். சீனா, ஜப்பான், கொரியா மக்களிடமும் அமெரிக்கப் பழங்குடிகளிடமும் எடார் ஏற்பியின் 370-வது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. சுமார் முப்பதாயிரம் வருடத்துக்கு முன்பே நடு சீனாவில் இது தோன்றியிருக்கலாம் என்பது கணிப்பு. 2013-ல் இந்த ஒரே மாற்றத்தை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரோமம் தடித்தது, பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் கூடின. மனிதரிலும் அதே மாற்றம் உள்ளவர்களுக்கு முடி தடிமன், வியர்வைச் சுரப்பி அதிகம், வெட்டுப்பல்லின் உட்பக்கம் மண்வெட்டிபோலக் குழிந்திருக்கும். முடி, வியர்வை, பல். சிந்துவில் குறைந்த அதே மூன்றும் இங்கே கூடியிருக்கின்றன.

இப்போது வெறும் தோலுடன் பிறந்த குழந்தையிடம் வருவோம்.

நம் உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மனித உடல் பழைய நூறு வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை அது தானாகப் போய்விடும். காற்று 36, 37 டிகிரியைத் தாண்டிவிட்டால் சூடு வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வரத் தொடங்கும். அப்போது திறந்திருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான், பானையும் வியர்க்கிறது. அந்தக் குழந்தையோ சில்வர் குடம்.

பிறந்த சில நாளிலேயே காய்ச்சல் வரும். 39, 40 டிகிரி. ரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் எடுப்பார்கள், கிருமி எதுவும் சிக்காது. ஆன்டிபயாடிக் ஏறும், குறையாது. பச்சைக்குழந்தைக்குக் குளிரும் என்று நாம் துணியைச் சுற்றச் சுற்றச் சூடு ஏறும். பாராசிட்டமால் கொடுத்தாலும் பலன் இருக்காது. கிருமிக் காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவை மேலே தூக்கி வைக்கிறது. பாராசிட்டமால் அந்த அளவைக் கீழே இறக்கும். இந்தக் குழந்தையின் மூளை வைத்த அளவு சரியாகவே இருக்கிறது. சூட்டை வெளியேற்ற வழிதான் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் அம்மாவுக்குத் தெரிவது, கொதிக்கிறது, ஆனால் ஈரமே இல்லை என்பது மட்டும். அந்தக் கவனிப்பு எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல; அதை அவர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மருத்துவரும் காது கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 1987-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்த நோயுடன் பிறந்த ஆண்குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல் மூன்று வயதுக்குள் இறந்திருந்தன. சூட்டினாலும் மூச்சுக்குழாய்த் தொற்றுகளாலும் நேர்ந்த சாவுகள். மூக்கு, தொண்டைச் சுரப்பிகளும் குறைவாக இருப்பதால் சளி கெட்டியாகித் தேங்கி நாறும். தொற்று லேசில் விடாது.

இத்தனைக்கும் பெயர் தெரிந்துவிட்டால் காப்பது கடினமே அல்ல. அதனால்தான் அந்தச் சாவுகளை நினைத்தால் தாங்கவில்லை. பருத்திச் சட்டையை நனைத்துப் போட்டுவிட்டால் அது வியர்வையின் வேலையைச் செய்யும். தலையில் ஈரத் தொப்பி, கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில், விசிறிக்கடியில் இடம். பள்ளியில் மணி அடிக்கக் காத்திராமல் எழுந்து போய்ச் சட்டையை நனைத்துக்கொள்ள அனுமதி. விளையாட்டு வகுப்பு காலை ஏழு மணிக்கு என்றால் போகலாம், பதினொரு மணிக்கு என்றால் கூடாது. சென்னை மாதிரி கடலோரப் புழுக்கத்தில் ஈரச் சட்டை ஆவியாவதும் குறையும். அங்கே காற்றோட்டம்தான் உயிர். இந்தப் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. சிறுவயதில் கடும் சூட்டிலிருந்து காத்துவிட்டால் நீண்ட ஆயுளுடன் வாழ்வார்கள்.

வீட்டார் பெரும்பாலும் விழித்துக்கொள்வது பல் வரவேண்டிய காலத்தில்தான். ஒரு வயது தாண்டியும் ஈறு வெறுமையாக இருக்கும். வந்தால் இரண்டு மூன்று பற்கள், அதுவும் நுனி கூர்ந்து ஆணிபோல. நிலைப் பற்கள் சராசரியாக ஒன்பதுதான் உருவாகும். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பும் வளராது. எலும்பு வளர்வதே பல்லைத் தாங்கத்தான். ஆகவே மூன்று, நான்கு வயதிலேயே பல்செட் கட்டிவிடுவார்கள். முகம் வளர வளர அதை மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். இதற்கு ஆகும் செலவும் பல் மருத்துவமனைக்கு நடக்கும் நடையும் ஒரு குடும்பத்தை எவ்வளவு வாட்டும் என்பதை நோயின் விவரக் குறிப்புகள் சொல்வதில்லை. ஆனால் முதல் பல்செட் வைத்த குழந்தை முறுக்கைக் கடிக்கும் சத்தத்துக்கு ஈடு ஏது?

தலைமுடி மெலிந்து வெளிறி இருக்கும், புருவம் இல்லாததுபோலத் தோன்றும், கண்ணைச் சுற்றித் தோல் கறுத்துச் சுருங்கியிருக்கும், மூக்குத்தண்டு பதிந்திருக்கும். வேறு வேறு நாட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். இந்த முகத்தை உலகத்துக்குக் காட்டியவர் அமெரிக்க நடிகர் மைக்கேல் பெரிமேன். 1977-ல் வெஸ் கிரேவன் இயக்கிய ‘தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்’ என்ற பயங்கரப் படத்தின் சுவரொட்டியில் இருப்பது அவர் முகம்தான். அந்தத் துணிவு அவருடையது. அவரை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு புரதம் குறைந்ததால் அமைந்த முகத்தைப் பார்த்துப் பயப்படும்படி கோடிக்கணக்கானவர்களைப் பழக்கிய சினிமாவை மன்னிக்க மனம் வரவில்லை. தலைமுடியில்லாத சிறுவனைப் பேருந்தில் வெறித்துப் பார்க்கும் கண்கள் அங்கிருந்தும் வருகின்றன.

டார்வினின் புதிருக்கு வருகிறேன். ஏன் மகள் வழியாக மட்டும்? ஏன் பெண்ணுக்கு நோய் இல்லை?

முதல் பாதிக்கு விடை 1910-ல் அமெரிக்காவில் தாமஸ் ஹண்ட் மார்கன் வளர்த்த பழ ஈக்களிடமிருந்து வந்தது. எக்டோடிஸ்பிளாசின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது கெட்டால் மாற்று இல்லை. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய், எக்ஸ் அல்ல; ஆகவே அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது. மகளுக்குத் தன் எக்ஸைக் கொடுத்தே ஆகவேண்டும். அவள் அதை மகனுக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். பாதிக்குப் பாதி.

இரண்டாம் பாதி இன்னும் அழகு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருந்தாலும் ஒவ்வொரு செல்லும் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது. கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன்போக்கில் ஒரு எக்ஸை மூடிவிடுகிறது. அந்தச் செல்லின் வழிவரும் செல்கள் எல்லாம் அதே முடிவைக் காப்பாற்றுகின்றன. இதை 1961-ல் இங்கிலாந்தில் மேரி லயன் சொன்னபோது அவர் எடுத்துக்காட்டிய எலிகளில் ஒன்றின் பெயர் ‘டாபி’. ஆண் டாபி எலிக்குக் காதுக்குப் பின்னால் வழுக்கை, வாலில் ரோமம் இல்லை, பாதத்தில் வியர்வைச் சுரப்பி இல்லை. பெண் டாபிக்கோ உடம்பெங்கும் வரிவரியாகக் கோடு: ஒரு வரி நல்ல எக்ஸ், ஒரு வரி கெட்ட எக்ஸ். சிந்து ஆண்களுக்கு இருந்த அதே குறைதான் அந்த எலிக்கும் என்பது முப்பத்தாறு வருடம் கழித்துத்தான் உறுதியானது.

பெண்ணின் முதுகிலும் அந்த வரிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. முதுகில் அயோடின் தடவி, காய்ந்ததும் மாவுப்பொடி தூவி, லேசாக வியர்க்க வைத்தால் வியர்வை கசிந்த இடமெல்லாம் கருநீலப் புள்ளியாகும். சாதாரணத் தோலில் முதுகு முழுக்க நீலம் பூக்கும். இந்த மரபணுவைச் சுமக்கும் பெண்ணின் முதுகில் நீலத்துக்கு நடுவே வெற்றுப் பட்டைகள் தோன்றும். முதுகெலும்பருகே மேலிருந்து கீழே அம்புமுனைபோல, பக்கவாட்டில் வளைந்து நெளிந்து. 1901-ல் ஜெர்மன் தோல் மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாஷ்கோ வேறு பல தோல் நோய்களிலிருந்து வரைந்து வைத்த கோடுகளின் அதே வடிவம். கருவில் செல்கள் நடந்து போன பாதையின் தடம் அது. டார்வின் காலத்துச் சிந்துப் பெண்களின் முதுகிலும் அது இருந்திருக்கும். பார்க்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்களில் பலருக்கு ஒன்றிரண்டு பல் குறைவு, முடி சற்று மெலிவு, சிலருக்குப் பால் சுரப்பு குறைவு என்று லேசான அடையாளங்கள் உண்டு. “பெண்ணுக்கு ஒன்றும் செய்யாது” என்பது முழு உண்மையல்ல.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் இல்லை. இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் நம் குடும்பங்களில் கை நீளுவது தாயின் பக்கம்தான். அல்லது சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பார்கள். எக்ஸ் வழி வரும் இந்த வகைக்கும் உறவுமுறைத் திருமணத்துக்கும் தொடர்பு இல்லை. எடார் ஏற்பியின் மரபணு கெட்டு வரும் அரிய வகை ஒன்று இருக்கிறது. அதில் பெண்களும் ஆண்களைப் போலவே பாதிக்கப்படுவார்கள், அங்கேதான் உறவுத் திருமணம் கணக்கில் வரும். சில நேரம் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் இந்தப் பிழை தோன்றும். எந்த வகையிலும் யாரும் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை.

மரபணுவை 1996-ல் ஃபின்லாந்தைச் சேர்ந்த யுஹா கெரேயும் உடன் உழைத்தவர்களும் கண்டுபிடித்தார்கள். இல்லாதது ஒரு புரதம்தானே, வெளியே செய்து உள்ளே செலுத்திவிட்டால் என்ன? 2003-ல் அதைச் செய்து பார்த்தார்கள். சினையாக இருந்த டாபி எலிக்கு எக்டோடிஸ்பிளாசினை ஊசியில் ஏற்றினார்கள். தாயின் உடலிலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிக்குப் போவதற்காக, எதிர்ப்புரதங்களுக்கு இருக்கும் வால்பகுதி ஒன்றை அந்தப் புரதத்தோடு ஒட்டியிருந்தார்கள். பிறந்த குட்டிகளுக்கு ரோமம் இருந்தது, பாதத்தில் வியர்வை இருந்தது. ஊசி போட்டது கருவில் இருந்தபோது மட்டும்தான். பலன் ஆயுசுக்கும் நின்றது. குழி விழுந்துவிட்டால் பிறகு யாரும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாய்க்குட்டிகளுக்குப் பிறந்தபின் போட்டபோதும் நல்ல பலன் கிடைத்தது. அவற்றுக்கு நிலைப்பற்கள் உருவாவது பிறந்த பிறகு.

அந்த நம்பிக்கையில் 2013-லிருந்து பிறந்த சில நாளே ஆன மனிதக் குழந்தைகளுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கெடுதல் எதுவும் இல்லை. சொல்லும்படி நன்மையும் இல்லை. மனிதக் கருவில் பற்களின் முளை இரண்டாம் மாதமே தொடங்கிவிடுகிறது. உள்ளங்கை, உள்ளங்கால் வியர்வைச் சுரப்பிகள் நான்காம் மாதவாக்கில். உடம்பின் மற்ற இடங்களில் ஐந்தாம் மாதம் தொட்டு. பிறந்தபின் ஒரு புதிய வியர்வைச் சுரப்பிகூட உண்டாவதில்லை. விதை நல்ல விதை, நிலமும் கேடில்லை, பருவம்தான் கடந்துவிட்டது.

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹோல்ம் ஷ்னைடர் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயிலேயே காலம் செலவழித்தவர். மூத்த மகனுக்கு இந்த நோய் உள்ள ஒரு தாய் இரட்டை ஆண்பிள்ளைகளைக் கருவுற்று அவரிடம் வந்தார். இருவருக்கும் அதே மரபணுப் பிழை. அங்கே கருவிலேயே மருந்து கொடுப்பது என்று முடிவாயிற்று. மனிதரில் அதுவரை யாரும் செய்யாதது. பனிக்குட நீரில் நேரடியாக ஊசி போட்டார்கள்: 26-வது வாரம் ஒரு முறை, 31-வது வாரம் மறுமுறை. கருவிலிருக்கும் குழந்தை பனிக்குட நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். தாயின் எதிர்ப்புரதங்களை வாங்கிக்கொள்ளும் கதவு ஒன்று அதன் குடலில் இருக்கிறது. வால் ஒட்டிய எக்டோடிஸ்பிளாசின் அந்தக் கதவு வழியாக உள்ளே போயிற்று. பிள்ளைகள் தங்கள் மருந்தைத் தாங்களே குடித்தார்கள்.

2016-ல் குறைமாதத்தில் பிறந்த அந்த இருவருக்கும் வியர்த்தது. பாதத்தில் சுரப்பித் துளைகளை எண்ணினார்கள், கையில் வியர்வையை அளந்தார்கள். நோயில்லாத குழந்தைகளின் அளவே. மூன்றாவதாக, இன்னொரு குடும்பத்தின் கருவுக்கு ஒரே ஓர் ஊசி. அந்தக் குழந்தைக்கும் வியர்த்தது. 2018-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் இதை வெளியிட்டது. பல் மட்டும் முழு வரிசை வரவில்லை. இரட்டையரின் பல் முளைகள் அண்ணனுடையதைவிட அதிகம்தான், ஆனாலும் 26-வது வாரம் பல்லுக்குத் தாமதம். இப்போது இதே சிகிச்சையை இன்னும் பல குடும்பங்களில் சோதித்துப் பார்க்கும் முயற்சி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடர்கிறது.

ஊசி அந்தப் பிள்ளைகளின் மரபணுவைத் தொடவில்லை. எழுத்துப்பிழை அவர்களின் ஒவ்வொரு செல்லிலும் அப்படியே இருக்கிறது. அவர்கள் வளர்ந்து அப்பாவாகும்போது, மகன் பிறந்தால் அவனுக்கு ஒன்றும் வராது. மகள் பிறந்தால் அவள் அதைச் சுமப்பாள்; அவள் முதுகில் கண்ணுக்குத் தெரியாத வரிகள் ஓடும். பிறகு அவள் ஓர் ஆண்பிள்ளையைச் சுமக்கும் ஒரு நாளில், ஐந்தாம் மாத வாக்கில், ஸ்கேன் திரையில் மருத்துவர் குழந்தையின் தாடையைத் தேடிப் பிடிப்பார். இருபது பால்பற்களுக்கு இருபது முளை இருக்கவேண்டும். மேல்தாடையிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவார். எண்ணிக்கை குறைந்தால், வியர்வைக்கு இன்னும் நேரம் இருக்கும்.